செய்தவர் யார்? – ஆங்கில இலக்கணமும் நம் பெயர்களின் வரலாறும்



இந்தச் சொற்பொழிவு யாருடைய நினைவைச் சுமக்கிறதோ அவர் பேராசிரியர் அல்ல. கட்சித் தலைவரும் அல்ல. எங்கள் சேரியின் இரவுப் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கில இலக்கணம் நடத்தியவர். பகலில் வேலை, இரவில் கரும்பலகை. அதில் மூன்று கட்டம் போடுவார். ஒன்றில் வினைச்சொல், அடுத்ததில் பெயரடை, மூன்றாவதில் வினையடை. பள்ளிப் புத்தகங்களில் இவற்றைப் பெயருரிச்சொல், வினையுரிச்சொல் என்றும் படித்திருப்பீர்கள். வாத்தியார் இவற்றுக்கு வைத்த பெயர்கள் எளிமையானவை: "என்ன நடந்தது, எப்படிப்பட்டவர், எப்படி நடந்தது."

பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தேறுவதற்காகத்தான் நாங்கள் போனோம். ஆனால் அந்த மூன்று கட்டங்களை வைத்துக்கொண்டு ஒரு சமூகத்தின் வரலாற்றையே படிக்க முடியும் என்பது வெகு காலம் கழித்துத்தான் எங்களுக்கு விளங்கியது. அப்படி ஒரு முறை படித்துப் பார்ப்பதே அவருக்கு நாம் செய்யும் நினைவஞ்சலி.

முதலில், இந்த இலக்கணம் நம் கைக்கு எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம். ஆங்கில இலக்கணப் புத்தகங்கள் இங்கிலாந்திலேயே மேட்டுக்குடிக்கான வேலியாகத்தான் எழுந்தன. 1762இல் ராபர்ட் லௌத் ஓர் இலக்கண நூல் எழுதினார். அவர் பிற்காலத்தில் லண்டன் ஆயரானவர். லிண்ட்லி மர்ரேயின் நூல் 1795இல் யார்க் நகரில் ஒரு பெண்கள் பள்ளிக்காக எழுதப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகின் பல மூலைகளிலும் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தது இந்த மர்ரேயைத்தான். சொற்களை ஒன்பது வகையாகப் பிரித்த அவருக்கு முன்மாதிரி லத்தீன் மரபு. எது சரியான பேச்சு, எது கொச்சை என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் அந்தப் புத்தகங்களில் இருந்தது. தொழிலாளியின் பேச்சு பிழை. கனவானின் பேச்சு இலக்கணம்.

அந்த வேலியே கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தபோது நம் முன்னோருக்குக் கதவாகத் தெரிந்தது. காரணம் எளியது. இங்கே அதைவிட உயரமான வேலிகள் இருந்தன. 1856 ஜூனில் தார்வாடு அரசுப் பள்ளியில் சேர மனுச் செய்த ஒரு மகர் சிறுவனுக்கு இடம் மறுக்கப்பட்டது. தனியொருவனுக்காகப் பெரும்பான்மையோர் பள்ளியை விட்டுப் போகும்படி செய்ய முடியாது என்பதே அரசு சொன்ன காரணம். அரை நூற்றாண்டுக்குப் பின் அம்பேத்கர் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். அவர் சாதிக்கு அந்த மொழி இல்லை என்றார்கள். பாரசீகம் எடுத்துப் படித்தார். ஒரு மொழியின் இலக்கணம் பிறப்பால் பூட்டப்பட்டிருந்தது. இன்னொரு மொழியின் இலக்கணத்தை, வகுப்பறைக்கு வெளியே உட்கார வைக்கப்பட்டாலும், காதால் கேட்டுப் பிடித்துவிடலாம். இந்த வேறுபாட்டை உணர்ந்துதான் சாவித்திரிபாய் புலே 1850களிலேயே ஆங்கிலம் படிக்கச் சொல்லிப் பாடினார். சென்னையில் 1894இல் ஆல்காட் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளிக்கு நம் பிள்ளைகள் போனதற்குப் பின்னாலும் இந்தப் பசிதான் இருந்தது.

ஆங்கிலத்தின் மேல் நமக்கு ஏன் இந்த ஈர்ப்பு என்று கேட்பவர்களுக்கு எங்கள் வாத்தியார் வினைச்சொல்லை வைத்துப் பதில் சொல்வார். 'கேம்' என்று கரும்பலகையில் எழுதுவார். "பண்ணையார் வந்தாலும் 'கேம்', பண்ணையாள் வந்தாலும் 'கேம்'. தமிழில் எழுது பார்க்கலாம்" என்பார். பண்ணையார் வந்தார். பண்ணையாள் வந்தான். தமிழ் வினைமுற்றின் கடைசி எழுத்தில் ஒரு ஊரே உட்கார்ந்திருக்கிறது. எழுபது வயது முதியவரைப் பத்து வயதுப் பையன் 'வாடா' என்று கூப்பிட்டதும், அந்த முதியவர் பையனை 'வாங்க சாமி' என்று பணிந்ததும் நம் பாட்டன்மார் காலத்துக் கதை மட்டுமல்ல. ஆங்கில வினைச்சொல்லின் வாலில் இந்த ஆன்-ஆர் கணக்கு கிடையாது. ஆங்கிலேயர் சமத்துவவாதிகள் என்பதல்ல இதன் பொருள். அவர்களுடைய மேல்கீழ் அவர்களுடைய உச்சரிப்பிலும் உடையிலும் இருந்தது, வினைமுற்றில் இல்லை. ஆனால் வினைமுற்றிலேயே அடிபட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த இடைவெளி பெரிய மூச்சாக இருந்தது. தமிழைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. 'ஆர்' என்பதும் தமிழ்தான். அதை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று தீர்மானித்தது மொழி அல்ல, சாதி.

அடுத்து பெயரடை. ஆங்கில வினைச்சொல் நமக்கு மூச்சுக் கொடுத்தது என்றால், ஆங்கிலப் பெயரடை நம் கழுத்தில் மாட்டப்பட்டது. பெயரடை என்பது பெயரின் தன்மையைச் சொல்வது. சிவப்புப் பூ, உயரமான மரம். பூவின் சிவப்பு பூவிலேயே இருக்கிறது, யாரும் பூசியதல்ல. பெயரடையின் இந்த இயல்பில்தான் ஆபத்தும் இருக்கிறது. வெளியிலிருந்து ஒருவர் சுமத்தியதைக்கூட அது உள்ளே பிறந்த குணம்போலக் காட்டிவிடும்.

1871இல் வந்த குற்றப் பழங்குடிச் சட்டத்தைப் பாருங்கள். 'கிரிமினல்' என்ற ஒரே பெயரடை. குற்றம் என்பது ஒருவர் ஒரு நாளில் ஓரிடத்தில் செய்யும் செயல். அதாவது அது வினைச்சொல்லுக்கு உரியது. அந்தச் சட்டம் செயலைப் பெயரடையாக்கி, பிறக்கப்போகும் குழந்தைகளுக்கும் சேர்த்து ஒட்டியது. சென்னை மாகாணத்துக்கு 1911இல் அது நீட்டிக்கப்பட்டது. கைரேகை வைத்தல், காவல் நிலையத்தில் பதிவு, இரவில் ஊரைவிட்டுப் போகத் தடை எல்லாம் அந்த ஒற்றைச் சொல்லின் மேல் கட்டப்பட்டவை.

'அன்டச்சபிள்' என்ற சொல்லைப் பிரித்தால் நடுவில் இருப்பது 'டச்', தொடுதல் என்னும் வினை. முன்னால் ஒரு மறுப்பு, பின்னால் 'ஏபிள்'. அந்த விகுதிக்கு இயலும் என்றும் பொருள் உண்டு, தகும் என்றும் பொருள் உண்டு. ஒரு மனிதரைத் தொட இயலாது என்பது பொய், எவரும் தொடலாம். ஆகவே பொருள் தகுதியில் போய் நிற்கிறது. தமிழ் இதை ஒளிக்கவில்லை. 'தீண்டத்தகாதவர்' என்று தகுதியை வெளிப்படையாகவே சொன்னது. ஆனால் தொட மறுத்தவர் யார்? இரண்டு மொழிச் சொல்லிலும் அவர் இல்லை. தொட மறுத்தவரின் செயல், தொடப்படாதவரின் குணமாக மாற்றப்பட்டுவிட்டது.

'டிப்ரஸ்ட் கிளாசஸ்' என்பது இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது. 'டிப்ரஸ்' என்றால் அழுத்து. இது பிறர் மேல் செய்யும் வினை. அதன் இறந்தகால எச்சம்தான் 'டிப்ரஸ்ட்', அழுத்தப்பட்ட. ஆங்கிலத்தில் இந்த வடிவம் வினையாகவும் இருக்கும், பெயரடையாகவும் நடிக்கும். வினையாகப் படித்தால் 'யாரால்?' என்ற கேள்வி உடனே எழும். பெயரடையாகப் படித்தால் கேள்வி அடங்கிவிடும். கூன் விழுந்த மரம் என்பதைப்போல ஒரு வருணனையாகிவிடும். அரசாங்கக் கோப்புகள் அதைப் பெயரடையாகவே படித்தன. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி எழுதிய அறிக்கை நிலத்தைப் பற்றிய கேள்வியை எழுப்பியது. அதன் தொடர்ச்சியாக ஒதுக்கப்பட்ட நிலங்களைத்தான் இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். ஆவணத்தில் 'டிசி லேண்ட்' என்ற இரண்டு எழுத்தில் அந்தப் பெயரடை இன்றும் உயிரோடு இருக்கிறது. அழுத்தியவரின் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை. அந்த நிலங்களில் பல யார் கையில் இருக்கின்றன என்று தேடினால் ஒருவேளை கிடைக்கும்.

இந்த வார்த்தைச் சிக்கலை நம் தலைவர்கள் அன்றே உணர்ந்திருந்தார்கள். வட்டமேசை மாநாட்டின் சிறுபான்மையோர் குழுவுக்கு 1931 நவம்பரில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் ஒரு துணை மனு கொடுத்தார்கள். அதில் பெயர் மாற்றமும் ஒரு கோரிக்கை. 'டிப்ரஸ்ட் கிளாசஸ்' என்ற பெயர் இழிவானது. அதை மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்குப் பதில் அவர்கள் முன்வைத்தவை: சாதியில்லாத இந்துக்கள், புராட்டஸ்டன்ட் இந்துக்கள், நான்-கன்பார்மிஸ்ட் இந்துக்கள். இவற்றின் இலக்கணத்தைக் கவனியுங்கள். புராட்டஸ்டன்ட் என்றால் எதிர்ப்பவர். நான்-கன்பார்மிஸ்ட் என்றால் இணங்க மறுப்பவர். செயப்பாட்டிலிருந்து செய்வினைக்கு அவர்கள் பெயரை நகர்த்தப் பார்த்தார்கள். பிறர் கை பட்டு அழுந்தியவர் என்ற பெயர் போய், தாமே எழுந்து மறுப்பவர் என்ற பெயர் வரவேண்டும் என்றார்கள்.

அந்தப் பெயர்கள் ஏற்கப்படவில்லை. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹட்டன் 'எக்ஸ்டீரியர்', அதாவது வெளிப்புறச் சாதிகள் என்றார். வெளியே தள்ளியது யார் என்பது அதிலும் இல்லை. 1935 இந்திய அரசுச் சட்டம் 'ஷெட்யூல்டு' என்றது. இதுவும் ஓர் இறந்தகால எச்சம்தான், பட்டியலிடப்பட்ட. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இதில் செய்தவர் யார் என்பது தெரியும்: அரசு. ஏன் பட்டியலிட்டது என்பதும் தெரியும்: உரிமை கொடுக்க. ஆகவே இது குணத்தைச் சொல்லும் அடை அல்ல, ஓர் அலுவலகச் செயலைச் சொல்லும் அடை. உணர்ச்சியற்ற சொல்தான், ஆனால் இழிவு அற்றது. சென்னையில் இதற்கு முன்பே இன்னொரு வழி காட்டப்பட்டிருந்தது. எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் சட்டமன்றத் தீர்மானமும் அரசாணையும் வந்து, 'ஆதி திராவிடர்' என்ற பெயர் அரசுப் பதிவுக்குள் நுழைந்தது. 'ஆதி' என்பதும் ஓர் அடைதான். ஆனால் அது நாம் தேர்ந்தெடுத்த அடை. நம்மை ஒரு காலத்தோடு, ஒரு மண்ணோடு சேர்த்துக் கட்டிய அடை.

தமிழில் இதற்கு இணையாக நடந்த ஒரு திருத்தத்தையும் நாம் மறந்துவிடலாகாது. ஒரு காலத்தில் 'தாழ்ந்த சாதி' என்று எழுதினார்கள். 'தாழ்' தன்வினை. தண்ணீர் தாழ்ந்தது, மண் தாழ்ந்தது என்பதுபோல, தானே இறங்கியது. இயக்க மேடைகளில் அது 'தாழ்த்தப்பட்ட' ஆயிற்று. 'தாழ்த்து' பிறவினை. ஒருவர் தாழ்த்தினால்தான் இன்னொருவர் தாழ்த்தப்பட முடியும். ஆங்கிலத்தில் 'பேக்வர்டு' என்பது திசையைச் சொல்லும் வெறும் சொல். 'பின்னால் நட' என்று வினைக்கு அடையாகவும் வரும், 'பின்தங்கிய வகுப்பு' என்று பெயருக்கு அடையாகவும் வரும். அதில் யாரும் யாரையும் எதுவும் செய்ததாகத் தெரியாது. தமிழ் அதைப் 'பிற்படுத்தப்பட்ட' என்று எழுதிக் குற்றவாளிக்கு ஒரு காலி இருக்கை போட்டு வைத்தது. மொழிபெயர்ப்பு மூலத்தைவிட உண்மையாக இருந்த அரிய இடம் இது.

ஆனால் காலி இருக்கை போதாது. செயப்பாட்டுவினையின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் செய்வினையைச் செயப்பாட்டாக மாற்றும் பயிற்சி உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். 'ராமன் பந்தை அடித்தான்' என்பது 'பந்து ராமனால் அடிக்கப்பட்டது' ஆகும். அந்தப் பயிற்சியின் கடைசி விதி என்ன? 'பை' என்று தொடங்கும் பகுதியைத் தேவையில்லையென்றால் விட்டுவிடலாம். அந்த ஒரு விதியில் எத்தனை குற்றவாளிகள் தப்பித்திருக்கிறார்கள்!

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. 44 பேர். இதை மூன்று விதமாக எழுதலாம். 'குடிசை எரிந்து 44 பேர் இறந்தனர்.' 'குடிசையோடு 44 பேர் எரிக்கப்பட்டனர்.' 'நிலக்கிழார்களும் அவர்களுடைய அடியாட்களும் 44 பேரை எரித்தனர்.' எரி, எரிக்கப்படு, எரி-த்து. ஒரே வேர்தான். முதல் வாக்கியத்தில் நெருப்பு மட்டும் இருக்கிறது. இரண்டாவதில் செத்தவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவதில்தான் கொன்றவர்கள் வருகிறார்கள். உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தபோது, சட்டத்தின் பார்வையில் அந்த வாக்கியம் மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கிவிட்டது. 44 பேர் எரிக்கப்பட்டார்கள், எரித்தவர் எவருமில்லை.

இன்றைய நாளிதழைப் பிரியுங்கள். 'கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கி மூவர் பலி.' இந்த வாக்கியத்தில் எழுவாய் எது? விஷவாயு. வாயு வேண்டுமென்றே காத்திருந்து தாக்கியதுபோல. இறங்கச் சொன்ன ஒப்பந்ததாரர் இல்லை; இயந்திரம் வாங்காத நிர்வாகம் இல்லை; 1993இலும் 2013இலும் போட்ட தடைச் சட்டங்களை மீறியவர் எவரும் இல்லை. வாயுவைக் கைது செய்ய முடியாது. நம் பிள்ளைகள் செய்தியாளராகும் நாளில் இந்த வாக்கியத்தை முதலில் திருத்த வேண்டும்.

எங்கள் வாத்தியாரிடம் நாங்கள் கற்ற பெரிய பாடமும் இதுதான். எங்களில் ஒருவர் பதினேழு வயதில் முதன்முதலாக ஒரு புகார் எழுதினார். பக்கத்து ஊர் டீக்கடையில் இரட்டை டம்ளர். 'எனக்குத் தனி டம்ளரில் தேநீர் கொடுக்கப்பட்டது' என்று எழுதியிருந்தார். வாத்தியார் படித்துவிட்டுச் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். "கொடுக்கப்பட்டதா? டம்ளர் தானா நடந்து வந்துச்சு? கொடுத்தவன் கையைக் காணோமே" என்றார். அன்றிரவு அந்தப் புகார் நான்கு முறை திருத்தி எழுதப்பட்டது. கடைசிப் படியில் கடைக்காரரின் பெயர், நாள், நேரம், அருகில் நின்றவர்கள், எந்த டம்ளர் எந்த ஆணியில் தொங்கியது என்பது வரை இருந்தது.

அங்கேதான் மூன்றாவது கட்டமாகிய வினையடை வருகிறது. வினையடையை நாம் அலங்காரம் என்று நினைக்கிறோம்; மெதுவாக, அழகாக, வேகமாக. சட்டத்தில் அது அலங்காரம் அல்ல. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இழிவுபடுத்தும் குற்றத்தைச் சொல்லும் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். வினை இரண்டு: அவமதித்தல், மிரட்டுதல். ஆனால் அவை மட்டும் நடந்தால் போதாது. 'இன்டென்ஷனலி', வேண்டுமென்றே நடந்திருக்க வேண்டும். இழிவுபடுத்தும் நோக்கத்தோடு நடந்திருக்க வேண்டும். பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட ஓரிடத்தில் நடந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் வினையடையின் வேலையைச் செய்பவை: எப்படி, எதற்காக, எங்கே. உச்ச நீதிமன்றம் 2008இல் பொது இடம் வேறு, பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடம் வேறு என்று விளக்கியது. தனியார் இடமானாலும் வெளியாருக்குத் தெரியும்படி நடந்தால் குற்றம்தான். 2020இல் நான்கு சுவர்களுக்குள், வெளியார் எவரும் இல்லாத இடத்தில் நடந்தது இந்தப் பிரிவுக்குள் வராது என்றது. அவமதிப்பு ஒன்றே, அடை மாறினால் வழக்கு விழும். ஆகவே புகார் எழுதும்போது 'திட்டினார்' என்ற வினையோடு நிறுத்திவிடாதீர்கள். என்ன சொல்லித் திட்டினார், எங்கே நின்று திட்டினார், யார் காதில் விழுந்தது என்பதை எழுதுங்கள்.

இன்னொரு பிரிவில், கடுமையான குற்றங்களுக்கு, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் 'என்ற காரணத்தால்' குற்றம் நடந்திருக்க வேண்டும் என்று இருந்தது. கொன்றவன் மனத்துக்குள் புகுந்து காரணத்தை நிரூபிப்பது யாரால் முடியும்? பல வழக்குகள் அந்த இரண்டு சொல்லில் செத்தன. 2015 திருத்தம் அதை 'என்று அறிந்திருந்தும்' என்ற பொருளில் மாற்றியது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. காரணத்தைச் சொல்லும் அடை போய், அறிதலைச் சொல்லும் அடை வந்தது. ஒரே ஊரில் வாழ்பவருக்கு யார் எந்தத் தெரு என்பது தெரியாதா? இந்தச் சிறு மாற்றத்துக்குப் பின்னால் நம் இயக்கங்களும் வழக்குரைஞர்களும் ஆண்டுக்கணக்கில் செய்த வேலை இருக்கிறது. இலக்கணத்துக்காக நடந்த போராட்டம் என்று அதை எவரும் சொல்வதில்லை. ஆனால் அது அதுதான்.

அரசியலமைப்பின் பதினேழாவது பிரிவையும் இந்தக் கண்ணால் ஒருமுறை படியுங்கள். 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபை அதை ஏற்றது. தீண்டாமை ஒழிக்கப்படுகிறது, எந்த வடிவிலும் அதைக் கடைப்பிடிப்பது தடைசெய்யப்படுகிறது. இரண்டும் செயப்பாட்டுவினை. இங்கே செயப்பாட்டு தேவைதான். ஏனென்றால் எவர் செய்தாலும் குற்றம். ஆனால் ஒழிப்பவர் யார் என்ற கேள்விக்கு அந்த வாக்கியம் தானாகப் பதில் தராது. காவலர், ஆட்சியர், நீதிபதி, நாம் என்று ஒவ்வொருவராக அந்த எழுவாய் இடத்தில் வந்து நின்றால்தான் அந்த வினை நடக்கும்.

அம்பேத்கர் தம் நூல்களுக்கு வைத்த தலைப்புகளையே பாருங்கள். 1945இல் வந்த நூல், காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன என்று கேட்கிறது. எழுவாய் இருக்கிறது, செய்வினை இருக்கிறது, யாருக்கு என்பதும் இருக்கிறது. 1948 நூலின் தலைப்பு, அவர்கள் யார், ஏன் தீண்டத்தகாதவர் ஆனார்கள் என்று கேட்கிறது. 'ஆனார்கள்' என்ற அந்த ஒரு வினை போதும். ஒருநாள் ஆனது என்றால், அதற்கு முன் ஆகாமல் இருந்தது. இனி ஆகாமலும் போகும். பெயரடையாக உறைந்துபோனதை வினைச்சொல்லாக உருக்கி, காலத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார் அவர். 1936இல் லாகூரில் அவர் பேச இருந்த உரையை, சாதியை உடைப்போர் என்று பெயர் வைத்திருந்த சங்கமே ரத்துசெய்தது. பெயரில் வினை இருந்தது, செயலில் இல்லை. அவர் அதைத் தம் செலவில் அச்சிட்டார். இன்று நாம் ஓர் உரையை அச்சிட்டுக் கைக்குக் கை கொடுப்பதும் அந்த மரபில்தான்.

கடைசியாக, நம் பெயர். 'தலித்' என்பதும் இறந்தகால எச்சத்திலிருந்து பிறந்த சொல்: நொறுக்கப்பட்ட, உடைக்கப்பட்ட. அதிலும் நொறுக்கியவரின் பெயர் இல்லை என்று யாராவது நம்மைக் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் அந்தச் சொல்லை உயர்த்திப் பிடித்தபோதும், அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தமிழகத்தில் அது பரவியபோதும், அதைச் சொன்ன வாய் மாறியிருந்தது. கோப்பு நம்மைப் பார்த்துச் சொன்ன சொல் அல்ல. நாம் நம்மைப் பற்றிச் சொல்லி, அடுத்த வாக்கியத்தில் நொறுக்கியவரின் பெயரையும் சொல்வதற்காக எடுத்த சொல். அந்த அடுத்த வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டால், இதுவும் இன்னொரு பெயரடையாக உறைந்துவிடும்.

மாணவ நண்பர்களே, ஆங்கில இலக்கணம் கண்டு பயப்படாதீர்கள். அது தேர்வுக்கான பாடம் மட்டுமல்ல. உங்கள் சான்றிதழில், உங்கள் ஊர்ப் பெயர்ப் பலகையில், முதல் தகவல் அறிக்கையில், நாளிதழில் வரும் ஒவ்வொரு வாக்கியத்திலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். செய்தவர் யார்? இந்த அடையை ஒட்டியவர் யார்? எங்கே, எப்படி, தெரிந்தா நடந்தது? எங்கள் வாத்தியாரின் கரும்பலகை இப்போது எங்கள் படிப்பகத்தில் இருக்கிறது. மூன்று கட்டங்களின் கோடுகள் அழிந்துவிட்டன. யாராவது வந்து மறுபடி போடுங்கள்.

ஜெய் பீம்.